எள்ளுத் தாத்தாவைத் தேடுவது எப்படி: ஆளை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 1850 வாக்கில் பிறந்து ஏர் ஓட்டிப் பிழைத்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஃபோட்டோ கிடையாது, ஜாதகம் இருந்தால் அதிர்ஷ்டம். சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பிறப்பு இறப்பைப் பதிவதற்கென்று சட்டம் வந்ததே 1899ல்தான். அதனால் பேரை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் பத்து நாளில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள், நானும் ஒரு தடவை விட்டேன். அவர் காலத்து சர்க்காருக்கு அவர் யார் என்பதில் அக்கறையே இல்லை, எந்த நிலத்துக்கு யார் தீர்வை, அதாவது நிலவரி, கட்டுகிறார் என்பதில்தான் அக்கறை. அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் அவர் வந்து நிற்பார், பெரும்பாலும் கடனோடு.

நான் எழுதுவது சேலம், நாமக்கல் பக்கத்து அனுபவம். மற்ற மாவட்டக்காரர்கள் பெயர்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் வீட்டில் இருக்கும் கிழவிகளிடம் உட்காருங்கள். தாத்தாக்களிடம் கேட்டால் வரப்புத் தகராறும் கோர்ட் கேஸும்தான் வரும். பாட்டிகளிடம்தான் யார் வீட்டுக்குப் பெண் கொடுத்தோம், யார் வீட்டில் எடுத்தோம், எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது என்கிற கணக்கெல்லாம் இருக்கும். ஆனால் நேராகப் பேரைக் கேட்டுவிடாதீர்கள். என் அப்பத்தாவிடம் அவருடைய மாமனாரின் அப்பா பேர் என்ன என்று கேட்டேன். "ஏங்கண்ணு, மாமனாரு வகையில பேர வாயால சொல்லலாமா" என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அதான், மலை மேல கோவணத்தோட நிக்கறாரே, அவரு பேரு" என்றார். பழனியாண்டி. இப்படிச் சாடையில் வருவதையெல்லாம் எழுதி வையுங்கள், போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

பேர் என்றதும் நம் ஊர் வழக்கம் ஒன்று ஞாபகத்தில் இருக்க வேண்டும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ராமசாமி மகன் பழனியாண்டி, பழனியாண்டி மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி பழனியாண்டி என்று மாறி மாறிப் போகும். இது தெரிந்தால் நடுவில் ஒரு தலைமுறை காணாமல் போனாலும் ஊகித்து நிரப்பலாம், ஆனால் இதே வழக்கம் காலையும் வாரிவிடும். நான் ஆறு மாதம் ஒரு பழனியாண்டியின் பின்னால் அலைந்தேன், கடைசியில் பார்த்தால் அவர் நான் தேடியவரின் பேரன். அப்பா பெயரும் ஒன்றாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை. அதனால் எந்த ஆவணத்திலும் ஆள் பெயர், அவர் தகப்பன் பெயர், ஊர் மூன்றும் பொருந்தினாலும் காலம் பொருந்துகிறதா என்று கடைசியாக ஒரு முறை பாருங்கள்.

அந்தக் காலத்துப் பேர்கள் இன்னொன்றும் சொல்லும். வம்சத்தில் ஒரு குப்பன், குப்பாயி, பிச்சை என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பை மேட்டில் போட்டு எடுத்தோ யாரிடமாவது பிச்சையாக வாங்குவதுபோல் வாங்கியோ அப்படிப் பேர் வைப்பார்கள், எமனுக்கு வேண்டாத பொருளாகத் தெரியட்டும் என்று. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இரண்டு மூன்று குழந்தைகளின் சாவு அந்த ஒரு பெயரில் இருக்கிறது.

அப்புறம் அட்டாலியில், அதாவது பரணில் ஏறுங்கள். டிரங்குப் பெட்டி, பழைய மரப்பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், எங்கே வேண்டுமானாலும் பத்திரக் கட்டு இருக்கலாம். இதை ரெஜிஸ்தர் ஆபீசுக்குப் போவதற்கு முன்பே செய்ய வேண்டும், காரணம் இருக்கிறது. 1860களின் நடுவில் பத்திரப் பதிவு வந்தபோது நூறு ரூபாய்க்குக் கீழான நிலக் கிரயத்தைப் பதிவது கட்டாயமில்லை. நம்மவர்கள் வாங்கி விற்ற ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு முப்பதுக்கும் ஐம்பதுக்கும்தான் கைமாறியது, எனவே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பெட்டியில் போட்டுவிட்டார்கள். அது உங்கள் வீட்டில் இல்லையென்றால் வாங்கியவர் வீட்டில் இருக்கலாம், சர்க்காரில் இருக்காது.

கிடைத்த காகிதத்தைத் தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. மடிப்பில் ஒடிந்துபோகிற மாதிரி இருந்தால் பலவந்தமாக விரிக்கவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையில் வைத்துப் படம் எடுங்கள், பேனா அழுத்திய தடம் அப்போது நன்றாகத் தெரியும். ஓலைச் சுவடிக்கும் இதே பக்கவாட்டு வெளிச்சம்தான், கீறல்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

படிப்பது அடுத்த பாடு. எங்கள் பத்திரக் கட்டுக்குள் இருந்ததிலேயே பழைய பத்திரத்தில் விலை என்று போட்டிருந்த இடத்தில் 'சயரு' என்று இருந்தது. என்ன வார்த்தை இது, ஏதாவது நாணயமா என்று அகராதியெல்லாம் புரட்டினேன். பிறகு ஒரு பழைய பத்திர எழுத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார், அது எழுத்து இல்லை தம்பி, எண். ௪௰௫. நாலு பத்து ஐந்து, நாற்பத்தைந்து ரூபாய். தமிழ் எண்கள் நிறைய எழுத்துகள் மாதிரியே இருக்கும், ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி, பத்துக்கு ௰. நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸. இந்தப் பத்துப் பதினைந்து குறிகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பின்னங்களும் வரும்: அரைக்கால் என்றால் அரையும் காலும் அல்ல, காலில் பாதி, அதாவது எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை.

தேதியில் இன்னொரு பள்ளம் உண்டு. எங்கள் பத்திரத்தில் ஈசுவர வருஷம் ஆவணி மாதம் என்று மட்டும் இருந்தது. அறுபது வருஷச் சுற்று என்பதால் ஈசுவர வருஷம் 1817லும் வரும், 1877லும் வரும், 1937லும் வரும். நல்லவேளை பசலி 1287 என்று தீர்வை பற்றிய வரியில் இருந்தது, பசலி என்பது சர்க்காரின் நிலவரிக் கணக்கு வருஷம். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்குகிற ஆங்கில வருஷம் வரும், 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரை. ஆக அது 1877 ஆவணி. திருநெல்வேலி, குமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு இருக்கும், அதற்கு ஏறக்குறைய 825ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1877 என்றதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்களே, 1876ல் தாது வருஷத்தில் மழை பொய்த்துத் தொடங்கியது, உச்சம் அடுத்த ஈசுவர வருஷத்தில். சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சம், 1881ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆளைக் காணோம், பிறந்தவர்களையும் சேர்த்த பிறகு. செத்தது எத்தனை, பஞ்சம் பிழைக்கப் போனது எத்தனை என்று பிரிப்பது கஷ்டம். சர்க்கார் நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு 1877 தொடக்கத்தில் குறைத்து வைத்த கூலி, நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும் அதற்கு மேல் அரையணாவும். அந்த ஆவணியில்தான் என் எள்ளுத் தாத்தா நிலத்தை விற்றிருக்கிறார். பத்திரம் அதைச் சொல்கிறது: 'எனக்கு நேரிட்ட கஷ்ட காலத்தில் ஜீவனத்துக்கும் சர்க்கார் தீர்வைக்கும் வேண்டி'. பஞ்சத்திலும் தீர்வை வந்து நிற்கிறது பாருங்கள். கீழே ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் வேறு கையில் 'பழனியாண்டி கீறல்'. அவர் உடம்பு பட்டு மிஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் அந்தக் கீறல்தான் என்று அப்போது நினைத்தேன். அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பத்திரத்தின் செக்குபந்தியைப் பாருங்கள். பலர் விலையையும் பேரையும் பார்த்துவிட்டு நான்கெல்லையை விட்டுவிடுவார்கள், அங்கேதான் குடும்பமே நிற்கும். கிழக்கே என் அண்ணன் காடு, தெற்கே சித்தப்பன் தோட்டம், வடக்கே இன்னார் பெண்சாதி இன்னாளுக்கு விட்ட காடு. கொங்கில் புஞ்சைக்குக் காடு என்றும் கிணறு இருந்தால் தோட்டம் என்றும் சொல்வார்கள், வனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விதவைகள், பெண் வழி உறவுகள் எல்லாம் பட்டாவில் வராமல் எல்லை வரியில் வந்துவிடுவார்கள். மைனர் பையனுக்காக அம்மா எழுதிக் கொடுத்த பத்திரம் இருந்தால் பொக்கிஷம், 'மைனருக்குக் கார்டியனும் தாயாருமான' என்று அவள் பேர் இருக்கும், அப்பா அதற்கு முன்பே போய்விட்டார் என்றும் தெரிந்துவிடும்.

அடுத்து கிணற்றுப் பங்கு. எங்கள் பத்திரத்தில் 'கிணற்றில் நாலில் ஒரு பாகமும் கவலை இறைக்கும் முறையும் வண்டித்தடப் பாத்தியமும்' என்று இருந்தது. கவலை என்றால் மனக்கவலை இல்லை, மாடு கட்டி இறைப்பது, தெற்கே கமலை என்பார்கள். நாலில் ஒன்று என்றால் அவரோடு சேர்த்து நாலு பங்காளிகள். விற்காமல் மிச்சம் இருந்த இன்னொரு கிணற்றில் 1910 வாக்கில் எழுதிய பத்திரத்தில் அவர் மகனுக்குப் பன்னிரண்டில் ஒன்று என்று வருகிறது. அங்கேயும் இருந்த கால் பங்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது, ஆக அவருக்கு மூன்று மகன்கள் பங்கு வாங்கும் வயது வரை தங்கியிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் இல்லாத காலத்துக்கு இதைவிட நல்ல வாரிசுச் சான்றிதழ் கிடைக்காது. இரண்டு எச்சரிக்கை. நடுவில் யாராவது பங்கை விலைக்கு வாங்கியிருந்தால் இந்தக் கணக்கு உடையும். பெண் பிள்ளைகள் இந்தப் பின்னத்தில் வரவே மாட்டார்கள், அவர்களுக்குச் சீர்தான், பங்கு இல்லை.

முடிந்தால் அந்தக் கிணற்றுக்கே போய்ப் பாருங்கள். கவலை மரம் தாங்கிய இரண்டு கல் சில இடங்களில் இன்னும் நிற்கும், மாடுகள் முன்னும் பின்னும் நடந்த சரிவு மேடு தட்டிப்போய்த் தெரியும். அந்தச் சரிவில் விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறும் வரை மாட்டின் வாலுக்குப் பின்னால் பின்னோக்கி நடந்து, கயிற்றில் உட்கார்ந்து இறங்கி, மறுபடி நடந்து, இப்படித்தான் ராகிப் பாத்திக்குத் தண்ணீர் போனது. அம்மாவோ பெண்ணோ மடை திருப்புவார்கள். சாப்பாடு களியும் கம்பங்கூழும் சோளச்சோறும், நெல்லுச்சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்.

சரி, இனி ஆபீஸ். நிலத்தின் இன்றைய சர்வே எண்ணை வைத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். கம்ப்யூட்டர் பட்டாவை நம்பி உட்காராதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் 1979க்கும் 1987க்கும் இடையே நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்துப் பேர்களும் அதற்குப் பின் வந்த மாற்றங்களும்தான். வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் பதிவேட்டைப் பார்த்து பழைய புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு தாலுகா ஆபீசிலோ மாவட்டப் பதிவறையிலோ தீர்வையை மறுபடி நிர்ணயித்தபோது எழுதிய ரீசெட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள், அதற்கும் முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு கிடைத்தால் நீங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிற்கிறீர்கள். நிலம் நஞ்சையா புஞ்சையா, மண் என்ன தரம், தீர்வை எவ்வளவு, பட்டாதார் யார், எல்லாம் ஒரே வரியில் இருக்கும். தரத்தைப் பார்த்தாலே அவர் வசதி புரிந்துவிடும்.

ஆனால் உங்கள் ஊர் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். சேலமும் பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) 1792ல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் குடியானவனிடம் நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரியைப் பழகினார்கள். இருந்தும் 1802க்குப் பிறகு நிறைய ஊர்களை மிட்டாக்களாக, அதாவது சின்ன ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டா, ஜமீன் ஊர் என்றால் குடியானவர் தீர்வை கட்டியது மிட்டாதாரிடம், சர்க்கார் பதிவேட்டில் அவர் பேர் இருக்காது. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் எழுதிய எஸ்.எல்.ஆர். என்கிற செட்டில்மென்ட் நிலப் பதிவேடுதான் முதல் படி. அதற்கு முன்னால் என்றால், 1865 சட்டப்படி மிட்டாதாரும் குடியானவரும் மாற்றிக்கொண்ட பட்டாவும் முச்சிலிக்காவும் (குடியானவர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தச் சீட்டு) யார் வீட்டிலாவது இருக்க வேண்டும்.

பழைய கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை குடும்பம் ஊரில் இருந்தால் மறக்காமல் போய்ப் பாருங்கள். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் வேலைகளை ஒரே நாளில் ஒழித்தார்கள், கணக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள், எல்லாம் ஒப்படைக்கப்பட்டது என்று நான் நம்பவில்லை. போகும்போது உரிமை கொண்டாடுகிற குரலில் பேசாதீர்கள், நிலத் தகராறுக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துப் பெட்டியைத் திறக்கவே மாட்டார்கள்.

சார்பதிவாளர் ஆபீசில் இணையத்தில் வரும் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிறகானது. அதற்கு முந்தையதற்கு மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும், வருஷக் கணக்கில் கட்டணம். ஆட்பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என இரண்டு உண்டு, இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அப்போது எந்த ஆபீசுக்குக் கீழே இருந்தது என்றும் விசாரியுங்கள். ஒரு ஆபீசில் எனக்கு 'அப்படி ஒரு பதிவே இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள், முப்பது மைல் தள்ளி இன்னொரு ஆபீசில் அதே ஊருக்கு நாலு பத்திரம் இருந்தது.

சென்னைக்குப் போக முடிந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே உங்கள் தாத்தா பேர் கிடைப்பது அபூர்வம், அவர் ஊர் கிடைக்கும். 1883ல் அச்சான சேலம் மாவட்ட மேனுவலில் தாலுகா வாரியாகப் பயிர், ஏரி, தீர்வை, பஞ்சம் எல்லாம் உண்டு. ஒரு நாள் மிச்சம் இருந்தால் 1855 சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தீர்வை பாக்கிக்காகக் குடியானவர் விரலைக் கட்டைக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கிறது. 'சர்க்கார் தீர்வைக்கும் வேண்டி' என்ற வரிக்குப் பின்னால் இருந்த பயம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

உங்கள் முன்னோர் நிலம் இல்லாத பண்ணையாள் என்றால் நான் இதுவரை சொன்னதில் முக்கால்வாசி உதவாது, அது உங்கள் குற்றமில்லை. பட்டாவே கிடைக்காதபடி வைத்திருந்தார்கள், ஒடுக்கப்பட்ட சாதியாருக்குப் பஞ்சமி நிலம் என்று ஒதுக்க ஆரம்பித்ததே 1892ல். அவர்களைக் கப்பல் கணக்கில் தேடுங்கள். 1860ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலியாக அங்கே போன ஒன்றரை லட்சம் பேருக்கும் பதிவேடு உண்டு, அது கணினியிலும் ஏறிவிட்டது. பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை. வேடிக்கை என்னவென்றால் பத்து ஏக்கர் பட்டாதாருக்குக் கிடைக்காத அங்க அடையாளம் கப்பலேறிய கூலிக்காரருக்குக் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் 'ஒரு தம்பி கோவிச்சுக்கிட்டுப் போனவன் திரும்பவே இல்லை' என்ற கதை இருந்தால் பட்டாதார் குடும்பமாக இருந்தாலும் அதில் ஒரு முறை தேடுங்கள்.

கடைசியாக குலதெய்வக் கோயில். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியின் நோட்டு பூசாரியிடமோ தர்மகர்த்தாவிடமோ இருக்கும். பழையது நூறு வருஷத்துக்கு மேல் போவது அரிது, ஆனால் எந்தெந்த ஊர்க்காரர்கள் உங்கள் பங்காளிகள் என்று அதில்தான் தெரியும். அந்த ஊர்களின் அட்டாலிகளும் இனி உங்கள் கணக்கில் சேர்த்தி. நான் பங்காளி ஊர் ஒன்றில்தான் என் எள்ளுத் தாத்தாவின் அண்ணனுடைய பத்திரத்தைப் பார்த்தேன், சாட்சி வரிசையில் மறுபடி அந்தப் பெருக்கல் குறி, ஆனால் இந்தத் தடவை ஒரு கோடு கொஞ்சம் நீளம்.

தாலுகா ஆபீசுக்கு மே, ஜூன் மாதம் போகாதீர்கள். ஜமாபந்தி என்கிற வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை நடக்கும், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பதிவேடு வேண்டும் என்று நீங்கள் போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆடி பிறந்த பிறகு, செவ்வாய், புதன் மாதிரி நடுவாரத்தில் போங்கள். தராவிட்டால் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு.